உதவி குரு வந்து இறங்கும் முன்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மாறுதல் பட்டியலில் உதவி குருவின் பெயர் தெரிந்ததுமே, சேகரக் கமிட்டி, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு, சால்வை வாங்க ஆள் அனுப்பிவிடும். வரவேற்பன்று பதினைந்து சால்வை விழும். அலமாரி நிறையும், அடுக்களை நிறையாது. அதில் பாதிப் பணத்துக்குக் கேஸ் அடுப்பு வாங்கி, மோட்டாரையும் பழுது பார்த்துவிடலாம். உதவி குருவுக்கென்று ஒதுக்கும் வீடு பெரும்பாலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுதான். தொட்டியில் பாசி, கதவுப் பூட்டுக்கு ஊரில் நாலு பேரிடம் சாவி, அலமாரிப் பின்பலகையில் கரையான். இறையியல் கல்லூரியிலிருந்து வருகிறவர் முதலில் இறக்குவது புத்தகப் பெட்டியை என்பதால் கரையானை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் மறுபடி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பூட்டைப் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது.

முதல் ஞாயிறு மத்தியானம் மூன்று வீட்டுப் பிரியாணி வரும். திங்கள் இரவு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரே தாளில் முதல் வாரத்துக்கு வேளை வாரியாக வீடு பிரித்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் சுலபம். சபைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: வந்திருப்பவர் இன்னும் முழுக் குரு அல்லர். சி.எஸ்.ஐ. முறையில் முதலில் டீக்கன் (உதவி குரு) பட்டம், குருப் பட்டம் அதற்குப் பிறகுதான். ஸ்டோல் என்கிற நீளப் பட்டைத் துணி இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே போனால் உதவி குரு; கழுத்தைச் சுற்றி முன்னால் இருபுறமும் தொங்கினால் குரு. அவர் பிரசங்கம் பண்ணலாம், சுவிசேஷம் வாசிக்கலாம், திருவிருந்தில் திராட்சை ரசப் பாத்திரம் கொடுக்கலாம். நற்கருணை அப்பத்தையும் ரசத்தையும் புனிதமாக்கும் பிரதிஷ்டையைச் செய்ய முடியாது. பாவமன்னிப்புக் கூறவும் ஆசீர்வாதம் சொல்லவும் முடியாது. ஆராதனையை அவர் முடித்தால் 2 கொரிந்தியர் 13:14-ஐ ஜெபமாகச் சொல்வார். ‘உங்களனைவரோடும்’ என்பது ‘நம்மனைவரோடும்’ ஆகிவிடும். பின் வரிசைப் பெரியவர் ஒருவர், ‘தம்பி ஆசீர்வாதத்தையே தப்பாச் சொல்லிட்டாரே’ என்று வாசலில் நின்று சொல்லுவார். சேகர குரு முதல் வாரமே அறிவிப்பில் இரண்டு நிமிடம் எடுத்து விளக்கிவிட்டால் அந்தப் பேச்சு கிளம்பாது. கிளைச் சபையில் உதவி குரு தனியாக இருக்கும் ஞாயிற்றில் திருவிருந்து இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பெண் உதவி குரு வந்தால் எப்படிக் கூப்பிடுவது என்பதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பா லலிதா என்ற பெண்மணி பேராயரானது 2013-ல். ஆனாலும் குருவை ‘ஐயர்’ என்றழைக்கும் நம் ஊர்களில் ‘ஐயரம்மா’ என்றால் ஐயரின் மனைவி என்றுதான் காது கேட்கிறது. அவரிடமே கேட்டு, கமிட்டியார் முதல் நாளே அந்தப் பெயரில் அழைத்துவிட்டால் ஊரும் அதையே பிடித்துக்கொள்ளும்.

பாத்திரம் கொடுப்பதை ஆராதனை நேரத்தில் பழகக் கூடாது. சனிக்கிழமை மாலை, வெறும் தண்ணீர் ஊற்றிப் பழக வேண்டும். ஒரு மிடறு ஐந்து மில்லி என்று வைத்தால் 150 பேருக்கு முக்கால் லிட்டர் திராட்சை ரசம் ஆகும். ஒரே பாத்திரத்தில் விளிம்பு தட்ட ஊற்றினால் முதல் வரிசையிலேயே வெள்ளைத் துணி சிவக்கும். பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துடைத்துப் பாத்திரத்தைச் சற்றுத் திருப்ப வேண்டும். ரசம் குறைந்தால் மறுபடி பிரதிஷ்டை செய்ய வேண்டியவர் குருதான். ஆகவே கடைசி நாலைந்து பேருக்கு முன்பல்ல, கால் பாத்திரம் இருக்கும்போதே உதவி குரு கண் காட்ட வேண்டும். மீந்தால் அங்கேயே பருகி முடிக்க வேண்டியிருக்கும். அதனால் திருவிருந்துப் பந்திக்கு வரக்கூடியவர்களைப் பாடல் நேரத்திலேயே எண்ணிவிடுவது அவருடைய வேலை. எங்கே முழங்காற்படியிடுவது, எந்தப் பக்கமாக வரிசை திரும்பிப் போவது என்பதெல்லாம் கோவிலுக்குக் கோவில் மாறும். தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஆங்கிலிக்கன் மிஷன்களில் ஒன்றான எஸ்.பி.ஜி. வளர்த்த நாசரேத்துக்கும் இன்னொன்றான சி.எம்.எஸ். வளர்த்த மெஞ்ஞானபுரத்துக்கும் வழக்கம் ஒன்றாகவா இருந்தது? 1947-ல் சபைகள் சி.எஸ்.ஐ.யாக இணைந்ததால் பழக்கங்கள் எல்லாம் இணைந்துவிடவில்லை. இந்தச் சின்ன விஷயங்களைக் கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளையிடம் கேட்டுக்கொள்வதே உத்தமம்.

முதல் அடக்கத்தைத் தனியாக நடத்தச் சொல்வது கொடுமை. இரண்டு மூன்று அடக்கங்களுக்குச் சேகர குருவோடு போகட்டும். முதலில் வேதவாசிப்பு, அடுத்ததில் வீட்டு ஜெபம், அதன் பிறகு கல்லறைத் தோட்டம். கரிசல் பூமியில் மழைக்காலத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ‘மண்ணுக்கு மண்’ என்று சொல்லிப் போடுவதற்கு ஒரு தட்டில் காய்ந்து உதிர்ந்த மண் தனியே இருக்க வேண்டும். குழிமேட்டு ஈரக்கட்டியை அள்ளிப் போட்டால் பெட்டியில் ‘தொம்’மென்று விழும். அந்தச் சத்தத்துக்கு அந்த வீட்டுப் பெண்கள் அலறுகிற அலறலில் அடுத்த வரி வாசிக்க வராது.

வீடு சந்திப்புக்கு முதல் மாதம் சபை ஊழியர் கூடவே போக வேண்டும். திருச்சபைத் தேர்தல் வருடமென்றால் போட்டியிடும் இரண்டு அணியும் காபி கொடுத்து வாயைக் கிளறும். உதவிக்காரர் (டீக்கன்) ‘இருநாக்கு’ இல்லாதவராக இருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:8 சொல்வது இந்தக் காபிக்கும் சேர்த்துத்தான். பிரசங்கத்தைப் பற்றிய குறையை வாசற்படியில் நின்று யாரும் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை சேகர குரு உட்காரவைத்து, ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும். ஐந்து சொன்னால் அடுத்த ஞாயிறு தாளைப் பார்த்தே வாசிப்பார்.

திங்கள் அவருக்கு விடுமுறை என்றால் அதைக் கோவில்பிள்ளைக்கும் சொல்லி, கோவில் சாவியை அன்றைக்கு வேறு யாரிடமாவது கொடுத்துவைக்க வேண்டும். சாவி கேட்டு வருகிறவர்கள் தட்டுவது கோவிலுக்குப் பக்கத்திலிருக்கும் அவர் வீட்டுக் கதவைத்தான்.