டிராகனின் உயிர் ஜி7-இல் இருக்கிறது

செஸ்ஸில் கறுப்பு ஆடும் தொடக்கமான சிசிலியன் டிராகனில் நகர்த்தல் வரிசை சுலபம்: 1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4, சிப்பாய் வெட்டு 4.குதிரை வெட்டு, குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஜி6. எந்தக் கட்டத்தைக் குறி வைக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். அது சி3. ஜி7-க்கு வரும் நம் (கறுப்பு) பிஷப்பின் மூலைவிட்டமும், நம் சிப்பாய் இல்லாத பாதி திறந்த சி ஃபைலும் (நெடுவரிசையும்) அங்கேதான் சந்திக்கின்றன.

6.பிஷப் இ3 வந்ததும் குதிரையை ஜி4-க்கு விட்டுத் துரத்தும் ஆசை பலருக்கு வரும். விடாதீர்கள். 7.பிஷப் பி5 செக்! டி7-இல் பிஷப்பையோ குதிரையையோ வைத்து மறித்தால், வெள்ளை ராணி ஜி4-இல் ஒரு காயைச் சும்மா எடுத்துக்கொள்ளும்.

யூகோஸ்லாவ் தாக்குதலில் (எஃப்3, ராணி டி2, பிஷப் சி4, ராணிப் பக்கம் கேஸ்லிங்) வெள்ளையின் கணக்கு நேரடியானது. எச்4-எச்5 தள்ளி ஃபைலைத் திறப்பது, பிஷப் எச்6 வைத்து நம் பிஷப்பை மாற்றிக்கொள்வது, குதிரை டி5 மூலம் எச்7-ஐக் காக்கும் எஃப்6 குதிரையை அகற்றுவது. வெள்ளை எச்4 ஆடியதும் நாம் எச்5 என்று சிப்பாயை நிறுத்தினால் ஃபைல் உடனே திறக்காது. வெள்ளை ஜி4 ஆடிச் சிப்பாயைப் பலியிட வேண்டியிருக்கும்.

பிஷப் எச்6 வந்தால் நம் பிஷப்பைக் காப்பாற்ற எச்8-க்கு ஒதுங்கலாம். ஆனால் யானை (ரூக்) எஃப்8-இலேயே நின்றால் அது பறிபோகும். முன்பே இ8-க்குப் போயிருக்க வேண்டும். அதற்கும் விலை உண்டு: எஃப்7 பலவீனமாகும், சி4-இலிருந்து பி3-க்கு ஒதுங்கிய வெள்ளை பிஷப் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

டிராகனின் அழகே சி3 குதிரைக்கு யானையைக் கொடுப்பதில் இருக்கிறது. வெள்ளை பி2 சிப்பாயால் வெட்ட நேர்ந்தால் ராஜாவின் சுவர் உடையும், இ4-இன் காவலும் குறையும், ஏ5-இல் ராணி வந்து அமரும். ஜி7 பிஷப் உயிரோடு இருந்தால் இந்தப் பலி பெரும்பாலும் பலிக்கும். இல்லாவிட்டால் நன்றாக யோசியுங்கள்.

1974 மாஸ்கோ, கேண்டிடேட்ஸ் (உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி) இறுதி, இரண்டாம் ஆட்டத்தில் வெள்ளை ஆடிய கார்ப்போவ் 16-ஆம் நகர்த்தலில் டி4 குதிரையை இ2-க்கு இழுத்தார். பின்வாங்கல் போலத் தெரியும். ஆனால் இனி சி3-இல் வெட்டினால் குதிரையே திரும்ப வெட்டும், சிப்பாய்ச் சுவர் குலையாது. அடுத்த நகர்த்தலில் பிஷப் எச்6. கறுப்பு ஆடிய கோர்ச்னோய் பிஷப்பை மாற்றிக்கொண்டார். பத்தே நகர்த்தலில் கார்ப்போவ் வென்றார்.

டிராகன் பழசாகிவிடவில்லை என்பதற்கு 1995 நியூயார்க் உலகப் பட்டப் போட்டி சாட்சி: ஆனந்துக்கு எதிராக 11, 13-ஆம் ஆட்டங்களை காஸ்பரோவ் இதை வைத்தே வென்றார். இந்த இரண்டையும் கார்ப்போவின் ஆட்டத்தையும் பலகையில் அடுக்கி, ஜி7 பிஷப் ஒவ்வொன்றிலும் என்ன ஆகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள்.