காலையில் மட்டும் அணைந்துபோகும் வண்டி

மூன்று வாரமாக இதே கதைதான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் கார் பார்க்கில் காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தால், பத்து விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். சூடான பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. பழைய வண்டி, வாங்கி நான்கு மாதம்தான். சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்று) முடிய இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மனசு பதறிவிட்டது.

அணைந்ததும் பேட்டரி, ஆயில் விளக்குகள் எரிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இஞ்சின் நின்றால் அவை எரியத்தான் செய்யும். (ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது வேறு விஷயம், உடனே நிறுத்துங்கள்.) ஓடும்போதும் அணையாமல் நின்ற மஞ்சள் இஞ்சின் விளக்குதான் எனக்குச் சேதி சொன்னது.

காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். பி0171 என்ற கோளாறு எண் வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "வண்டியை விட்டுட்டுப் போங்க தம்பி, ராத்திரி முழுக்க ஆறட்டும்" என்றார். மறுநாள் டார்ச் அடித்துக் காட்டினார்: இஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையோடு சேரும், சுண்டுவிரல் பருமனில் ஒரு வேக்யூம் குழாய், அதன் வளைவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆறியிருக்கும்போது ரப்பர் இறுகி வெடிப்பு வாய் திறக்கிறது, அதன் வழியே கூடுதல் காற்று உள்ளே புகுகிறது; சூடேறினால் இளகி மூடிக்கொள்கிறது.

குழாயை மாற்றினார். இஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் துடைத்துவிட்டார். இன்று காலை ஒரே ஸ்டார்ட். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.