கேட்டுவிட்டு ஊற்றிய தண்ணீர்

எனக்கு 5 வயதில் வந்த காய்ச்சல் 20 நாள் விடவே இல்லையாம். அப்பா நாட்டு வைத்தியர். ஊருக்கெல்லாம் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவருக்குத் தன் பிள்ளைக்குக் கொடுத்தது மட்டும் கேட்கவில்லை. கடைசியில் பொதிகை மலையில் இருக்கிற குருமுனி அகத்தியரிடமே முறையிட்டிருக்கிறார்: "பிள்ளை எழுந்து நடந்தால் உன் மலைக்கே நடத்திக் கூட்டி வருகிறேன். பாபநாசத் துறைத் தண்ணியை உன் காலடியில் ஊற்றுகிறேன்." நான் எழுந்து நடந்துவிட்டேன். அப்பாவால்தான் கூட்டிப்போக முடியவில்லை.

அவர் வாலிபத்தில் நம் பக்கமிருந்து மூன்று தடவை பொதிகை ஏறியவர். காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கண்ணிகட்டி, பூங்குளம் என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பெயர்கள் தாலாட்டு மாதிரி. அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களில் ஒருவர், இஞ்சிக்குழிக்காரர், முன்னால் நடக்காமல் ஓர் அடி வைக்கமாட்டோம் என்பார். அந்த வழியில் இப்போது பக்தர்களை விடுவதில்லை. கேரளப் பக்கத்துப் பாதையில் பெண்களுக்கு இடமில்லை என்றிருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2019 ஜனவரியிலிருந்துதான் பெண்களும் போகிறார்கள். பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டியபோது அப்பா படுக்கையில் இருந்தார். "செம்பு பரண்ல இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு மூன்று வருடம் முயன்றோம். மலையேறும் சீட்டுக்கு வனத்துறை பதிவு திறக்கிற நேரத்தில் தம்பி ஒரு கைபேசியிலும் அவன் மகள் ஒரு கைபேசியிலும் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். இதில் ஒரு தரகர் வேறு. தலைக்கு மூவாயிரம் கொடுத்தால் வேறு யார் பெயரிலோ இருக்கிற சீட்டில் அனுப்பிவிடுகிறேன் என்றார். அகத்தியர் முன்னால் கள்ளப் பெயரில் போய் நிற்பதா? போனை வைத்துவிட்டேன். நாலாம் வருடம் அவரே வழிவிட்டார்.

பாபநாசத்தில் முங்கி, செம்பில் தண்ணீர் மொண்டு, செம்பின் வாயில் வாழைச்சருகு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டேன். செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரா, அங்கிருந்து போணக்காடு. பாலோடு வந்ததும் தம்பி ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இங்கதான் அந்தத் தாவரவியல் தோட்டம்" என்றான். எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அப்பா வாயில் அந்தக் கதை வராத நாளில்லை.

போணக்காடு தேயிலைத் தோட்டம் பாழடைந்து கிடக்கிறது. லயன் வீட்டு வாசலில் நின்ற ஒரு பாட்டி நம் தமிழைக் கேட்டதும் பிடித்து உட்காரவைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார். காசு வாங்கவில்லை. "மேல போயி எனக்கும் ஒரு கும்பிடு போடு தாயி" என்றார். பாட்டி, போட்டேன்.

சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்து பிளாஸ்டிக்கை எல்லாம் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் கூட்டத்தில் வந்த நாலைந்து இளைஞர்கள் ஒரு பாட்டுப்பெட்டியை எப்படியோ ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அரை மணி நேரம் காடு முழுக்கக் குத்துப்பாட்டு. வழிகாட்டியாக வந்த காணிக்காரர் நின்றார். திட்டவில்லை. "ஆனை இங்கதான் நிக்கி" என்று மட்டும் சொன்னார். பாட்டு நின்றது. பிறகு மூன்று நாளும் சத்தமே இல்லை. ஆனை இருந்ததா என்று தம்பி அப்புறம் கேட்டதற்குச் சிரித்தார்.

அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். 60 வயதிருக்கும். பேச்சு பாதித் தமிழ், பாதி மலையாளம்.

ஏழுமடக்கன் தேரி என்கிற ஏற்றம் வரை சமாளித்துவிட்டேன். முட்டிடிச்சான் தேரியில்தான் சோதனை. ஏறும்போது முட்டி நெஞ்சில் வந்து இடிக்கும், பெயர் சும்மா வைக்கவில்லை. பாதி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுவிட்டேன். செம்பை மட்டும் சாயவிடவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து குந்தினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தப் பழம் ஒண்ணு கிடைச்சா தின்னுட்டு ஓடியே ஏறிருவேன்" என்றேன். களைப்பைப் போக்குகிற ஆரோக்கியப்பச்சை மூலிகையைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. கைத்தடியால் ஓடைக்கரை நிழலைக் காட்டினார். தரையோடு ஒட்டிச் சாண் உயரம் கூட இல்லாத செடி. நீளக் காம்பு, அதில் ஒரே ஒரு இலை விரிந்து நிற்கிறது. தெரியாதவர்கள் மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"பறிச்சா கேசு" என்றார்.

அப்பா ஓயாமல் சொன்ன கதை இந்தச் செடியுடையதுதான். 1987-இல் இதே மலைகளில் காணிக்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று ஏறியது. புஷ்பாங்கதன் தலைமை. இவர்கள் களைத்து விழ, காணிகள் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டு அசராமல் போகிறார்கள். என்ன செடி என்று கேட்டால் வெளியாளுக்குச் சொல்லக்கூடாதது என்று முதலில் மறுத்து, அப்புறம் காட்டினார்கள். பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தில் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்று மருந்தாக்கி, 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசி, ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். வருகிறதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவானது. உலகமே மெச்சிய ஏற்பாடு. ஆனால் வைத்தியம் பார்க்கிற சில காணி மூப்பன்கள் 1995-இலேயே முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, எங்கள் அறிவை விற்காதீர்கள் என்று ஆட்சேபித்திருந்தார்கள். செடியோ காட்டையும் காட்டோரத்தையும் விட்டால் சரியாக வராதது. காட்டிலிருந்து எடுக்க வனத்துறை விடவில்லை. மருந்துக்குச் செடி கிடைக்காமல் போனது.

அப்பா இதில் ஒரு இடத்தில்தான் எப்போதும் நிற்பார். "செடி காட்டினவன்கிட்ட யாராவது முதல்ல கேட்டாங்களா?" மூலிகை பறிக்கும் முன் அதற்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லி, அனுமதி கேட்டுத்தான் அவர் கை வைப்பார். செடியிடமே கேட்கிறவருக்கு மனுஷனிடம் கேட்காதது பொறுக்கவில்லை.

அன்று ராத்திரி அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும். அந்தக் கஞ்சிக்கு என்ன பிரசாதம் ஈடாகும்! முகாமைச் சுற்றி ஆனை வராமல் அகழி. வெளியே குளிர்காற்று ஊளையிட, அண்ணாச்சி சாவகாசமாகப் பேசினார். ஊருக்கு ஊர் மூட்டுக்காணி என்று ஒரு தலைவர் உண்டாம். கூட்டம் கூட்டுகிறவர் விளிக்காணி. நோய்நொடிக்கும் சாமிக்கும் பிலாத்தி. தேன் எடுப்பதற்கும் கிழங்கு அகழ்வதற்கும் முன்காலத்தில் ஒரு முறை இருந்தது, இன்ன இடத்தை இந்த வருஷம் தொடாதே என்றால் தொடமாட்டார்கள் என்றார். தம்பிக்கு வருவாய்த் துறையில் வேலை. 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தை எடுத்துவிட்டான். காட்டைக் காக்கிற அதிகாரமே கிராம சபைக்கு உண்டு, செடிகொடி பற்றி நீங்கள் அறிந்துவைத்திருக்கிற அறிவுக்கும் உங்களுக்கே கூட்டுரிமை என்று அதில் எழுதியிருக்கிறது என்றான். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். "எழுதியிருக்கு" என்றார். காணி என்றாலே நிலம், பாத்தியதை. அந்தப் பெயரையே சுமக்கிறவர்களுக்கு நாம் சட்டம் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

மனசில் உறுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன். "அண்ணாச்சி, உங்க வீட்டுப் பொம்பளைங்க மேல வருவாங்களா?"

"வரமாட்டாங்க. எங்க வழக்கம் அது."

"நான் வந்தது உங்களுக்கு வருத்தமா?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் வந்தது. "கோர்ட்டு சொல்லிட்டு. டிப்பார்ட்மென்ட் சீட்டு கொடுத்திட்டு. எங்களை யாரும் கேட்கல. நீங்கதான் கேட்டிருக்கீங்க." பிறகு, "அப்பா வேண்டுதல்னா வரணும். வாங்க" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. தீர்ப்பு வந்திராவிட்டால் அப்பாவின் வாக்கு அப்படியே நின்றிருக்கும். அதற்கும் நன்றி சொல்லவேண்டும், இந்த மனுஷரின் வருத்தத்தையும் மதிக்கவேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு விடிய விடிய புரண்டேன்.

மறுநாள் பொங்காலப்பாறை தாண்டியதும் கயிறு பிடித்து ஏறுகிற பாறைகள். கீழே பார்க்காதே என்று தம்பி கத்துகிறான், நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் பட்டியலைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்: காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி... 1,868 மீட்டர் உச்சி. ஒரே மூடுபனி. முன்னால் போன அண்ணாச்சியின் முதுகு கூடத் தெரியவில்லை.

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காற்று ஒரு பக்கமாகத் திரும்பியது. திரைச்சீலையை யாரோ மெல்ல ஒதுக்குவது போல முதலில் பாதம், அப்புறம் மார்பு, அப்புறம் தாடியும் சடையும். கோபுரமில்லை, கருவறையில்லை, குருக்களில்லை. ஈரக் கருங்கல்லில் நீர்த்துளி முகத்திலிருந்து இறங்கித் தாடி நுனியில் ஒரு கணம் தொங்கி விழுந்தது. அடுத்தது திரண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்ட வந்தது, சொல்ல வந்தது எல்லாம் மறந்து போச்சு. அப்பா, வந்துட்டேன் அப்பா. குருவே, உன் பிள்ளையை நடத்திக் கூட்டி வந்துவிட்டாய்.

நாலடி தள்ளியே நின்றேன். யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பதைப் பார்த்தபோது, கிட்டப் போகக் கால் வரவில்லை. மேலே பூஜை, அபிஷேகம் எதுவும் கூடாது என்பது வனத்துறை விதி. அது தெரிந்தேதான் செம்பைச் சுமந்தேன். அவர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இதை எங்க ஊத்தட்டும்?" என்று கேட்டேன்.

செம்பைப் பார்த்தார். "சிலைக்கு வேண்டா. நீங்க ஊத்தினா பின்னால வர்றவன் பால் கொண்டு வருவான், அப்புறம் பாக்கெட்டு கிடக்கும். இறங்கும்போது சொல்றேன்."

பொங்காலப்பாறையில் தண்ணீர் சலசலத்து ஓடும் ஓரிடத்தில் நின்று, "இங்க" என்றார். சருகை எடுத்தேன். அவரும் குனிந்து ஒரு கை கொடுத்தார். பாபநாசத் தண்ணீர் மலைத் தண்ணீரோடு கலந்து பாறை விளிம்பில் மறைந்தது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி, உங்களுக்கும் உங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. அந்த மலை இத்தனை காலம் நின்ற மாதிரியே நிற்கட்டும்.

"தாமிரபரணியைக் கொண்டுபோய்க் கேரளாவுக்கு விட்டுட்டியே அக்கா" என்று வழியெல்லாம் தம்பி கேலி. வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஒரு சருகுத் துண்டை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு, செம்பை அப்பா படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.