உச்சிப்புளிப் பக்கம் நெருப்பு மூட்டி உட்கார்ந்தோம்

ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்கள், திருநர்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்காகச் சென்னையில் ஜூன் மாதம் வானவில் பேரணி நடக்கிறது. 2009-இல் தொடங்கியது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முதுகுளத்தூரில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பேரணி என்பது ஒரு ராத்திரிப் பயணம், இரண்டு நாள் லீவு, வீட்டில் சொல்வதற்கு நம்பும்படியான ஒரு காரணம். மூன்றும் ஒருசேர அமைவது லேசில்லை. மதுரையில் கூடலாம் என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்த முகம் எதிர்ப்படும். அதனால்தான் எங்கள் ஆட்கள் ஒரு நாள் கூடி உட்கார நானும் என் இணையரும் ராமநாதபுரம் கடற்கரையைப் பிடித்தோம்.

இந்தக் கரைக்கு வருவதற்கு யாரும் திணறித் திணறிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராமேசுவரம் போய்வருகிறேன் என்றால் எந்த வீட்டிலும் மறுபேச்சு கிடையாது. தேவிபட்டினத்தில் நவபாஷாணம், ஏர்வாடியில் தர்கா, திருப்புல்லாணியில் பெருமாள் என்று எல்லாருக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பொய்யும் சொல்லவில்லை. வந்தவர்களில் சிலர் காலையிலேயே கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரம் காயாத தலையோடுதான் உச்சிப்புளியில் வந்து இறங்கினார்கள்.

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் பாசஞ்சரில் நாங்கள் ஒரே பெட்டியில் உட்காரவில்லை. மானாமதுரையில் ஒருவர், பரமக்குடியில் இருவர் என்று ஏறினார்கள். பார்த்தோம், பேசிக்கொள்ளவில்லை. சிலர் பஸ்ஸில் தனியாக வந்தார்கள். யார் எப்படி வர வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்யட்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம்.

அரியமான் கடற்கரைக்கு விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆகவே அங்கே வேண்டாம் என்று, சற்றுத் தள்ளி ஒரு தென்னந்தோப்பைக் கேட்டு வாங்கினோம். தோப்புக்காரர் மீன்பிடிக் குடும்பம். எங்களைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லித்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "குடிச்சிட்டுப் பாட்டில உடைச்சுப் போடாம இருந்தாச் சரிண்ணே. கால்ல குத்துனா எங்க புள்ளைக கால்லதான் குத்தும்" என்றார். குளிக்கலாமா என்று கேட்டதற்கு, "இது பொம்பளைக் கடல், அலை இருக்காது. பாம்பனுக்குத் தெக்க ஆம்பளைக் கடல். ஆனா வாடைக் காத்து வுழுந்துச்சுன்னா இதுவும் அப்படித்தேன் அடிக்கும், பாத்து எறங்குங்க" என்றார். மாசி மாதம், காற்று அடங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்க முடிந்தது.

நெருப்பை மணல் கரையில் மூட்டவில்லை. இந்த மாதங்களில் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். பொரிக்கிற குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். கரையில் தீ எரிந்தால் திசை மாறிச் செத்துப்போகும். ஆகவே சவுக்கு வரிசைக்குப் பின்னால், தோப்புக்குள், பள்ளம் தோண்டிச் சின்னதாக மூட்டினோம். தென்னம்பன்னாடையும் சிரட்டையும் போட்டுப் பற்றவைத்து, மேலே கருவேலங்கட்டை. இந்த மாவட்டத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. நின்று எரியும், புகை குறைவு.

போன்களை எல்லாம் ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டு மூடிவைத்தோம். கேமரா கிடையாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு படம் வாட்ஸப்பில் ஊருக்குப் போய்விட்டால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும், கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். கீழக்கரையிலிருந்து வந்த தம்பி தொதல் என்கிற இனிப்பைக் கொண்டுவந்திருந்தான், உம்மாவே கிண்டிக் கொடுத்ததாம். யாருக்கு என்று சொன்னாயா என்றேன். "கூட்டாளிகளுக்குன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு துண்டு சேர்த்து வச்சாங்க" என்றான். பனங்கிழங்கை நெருப்பிலேயே சுட்டோம். மீன் பொறுப்பு முழுவதையும் முதுகுளத்தூர் அம்மா எடுத்துக்கொண்டார். ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஊறவைத்துப் பூண்டோடு அம்மியில் அரைத்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். பாறை மீனைக் கீறி, அதைத் தடவிக் கம்பி வலையில் போட்டார். கை எரிய எரிய எல்லாருக்கும் அவரே எடுத்து வைத்தார்.

அந்த அம்மா தன் மகனோடு வந்திருந்தார். மகன் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிறவர். இருட்டிய பிறகு எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். யாரும் பேசியே ஆக வேண்டும் என்றில்லை. பரமக்குடி அண்ணன், கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ளவர், கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விறகு மட்டும் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மாதான் கேட்டார்: "நான் இருக்கிற வரைக்கும் சோறு போட்ருவேன். எனக்கப்புறம் இவனுக்கு யாருப்பா? கல்யாணம் காச்சின்னு ஒண்ணு நடந்தாத்தானே ஒரு ஆளு இருக்கும்?"

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. விருதுநகரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்கள், அவர்களில் மூத்தவர்தான் சொன்னார். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் எங்கள் அன்பு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பெண்ணை அவள் வீட்டார் பிடித்துவைத்திருக்க, அவள் துணைவி போட்ட ஆட்கொணர்வு மனு. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள். "அந்தப் பொண்ணு இப்ப அவ இஷ்டப்பட்ட எடத்துல இருக்கலாம்மா. ஒங்க மகனுக்கும் ஆளு இருக்கும். நாங்க இருக்கோம்." அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், என்ன வேலை, வாடகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். வெறும் ஆறுதலாக இருந்தால் அவர் வாடகை கேட்டிருக்க மாட்டார். இதற்காகத்தான் இப்படி ஓர் இடம் வேண்டும் என்கிறேன். தீர்ப்பைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அதை வாழ்ந்து காட்ட ஆள் வேண்டும், இரண்டு பேரும் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு மேல் இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் வந்தார்கள். இலங்கை எதிரே இருக்கிற கரை, ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள். முன்கூட்டியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனாலும் இளையவர்கள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வக்கீல் தோழி எழுந்து போய்ப் பேசினார். பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் பிறப்பித்த உத்தரவுகளின் பலனாக, 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. எங்களைப் போன்றவர்களைக் காவலர் யாரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. அதன் நகல் அவர் பையில் எப்போதும் இருக்கும். அன்று எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பத்து மணிக்குள் அணைத்துவிடுங்கள் என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சொன்னபடியே கடல் தண்ணீரை ஊற்றி அணைத்து, பள்ளத்தை மூடினோம். முள், இலை, காகிதம் ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். ராத்திரி போக முடியாதவர்களுக்குத் தோப்புக்காரர் வீட்டுத் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த முறை மூக்கையூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சாயல்குடிக்காரர்களுக்கு அதுதான் கிட்டம். முதுகுளத்தூர் அம்மா தன் தங்கையையும் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறார். தங்கைக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். மகனைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அம்மா என்று சொல்லியிருக்கிறேன்.