மேல்தட்டு

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

அறைக்கு ஆள் வந்தாயிற்று. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயது 26, இங்கே சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க்கில் கணினி வேலை. இரண்டு பெட்டி, ஒரு குக்கர், பை நிறைய அம்மா அரைத்துக் கொடுத்த பொடிகள்.

"சுத்த சைவம்க்கா, பரவாயில்லையா?" என்று முகவர் முன்பே கேட்டிருந்தார். எனக்கென்ன வந்தது! கல்யாணமான புதிதில் நாங்கள் அறை தேடி அலைந்தபோது, சீன வீட்டுக்காரர்கள் "இந்தியனா? ஹெவி குக்கிங், சாரி" என்று போனை வைத்துவிடுவார்கள். சரி, நம்மவர்களிடம் கேட்போம் என்று போனால், "நீங்க வெஜ்தானே?" என்பார்கள். நம் வீடு என்று ஒன்று வந்தால் யார் குடியிருந்தாலும் அடுப்பு உண்டு என்று அப்போதே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் 'சுத்த' என்ற சொல் மட்டும் எனக்கு இறங்குவதே இல்லை. சைவம் என்றால் போதாதா?

சாயங்காலம் சாமான்களை அடுக்கும்போது கேட்டாள்: "ஆன்ட்டி, ஃபிரிட்ஜ்ல மேல்தட்டை எனக்குக் குடுத்துடுங்களேன். கீழ வச்சா மேலேருந்து சொட்டிடும்."

நியாயம்தான். பச்சை இறைச்சியைக் கீழ்த்தட்டில் வைப்பதுதான் முறை. சமையல் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் தயிரையும் மாவையும் கீழே இறக்கி இடம் விட்டேன். இருந்தாலும் அவள் கேட்டது கொஞ்சம் இடித்தது.

புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு தடவை என்று எங்கள் வீட்டுக்காரர் தேக்கா சந்தையிலிருந்து பாத்தாங் மீன் வாங்கி வந்திருந்தார். வறுக்கும்போது அவள் அறைக்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் வரிசை வெளியே வரை நின்றது. அவளும் வந்தாள். இந்த மாசம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஆன்ட்டி, அப்படியே விட்டுடலாமே! ஒரு மாசம் முடியுதுன்னா வருஷம் முழுக்க முடியும்ல?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். குடிகாரனைத் திருத்தப் பார்க்கும் குரலில் சொன்னாள், அதுதான் வம்பு.

திரும்பும் வழியில் பஃபலோ ரோட்டுப் பலகையைப் பார்த்து, "இதென்ன பேரு?" என்று கேட்டாள். இந்த வட்டாரமே மாட்டால் உண்டானது என்றேன். 19ஆம் நூற்றாண்டில் ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே வேர்விட்டது, நம்மவர்கள் பலர் அதை ஒட்டித்தான் இந்தப் பக்கம் குடியேறினார்கள். பக்கத்துத் தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. பழைய சந்தைக்கும் கண்டாங் கெர்பாவ் என்றுதான் பெயர், அதாவது எருமைப் பட்டி. நான் பிறந்த கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்தும் அதுதான். சந்தை 1982இல் எதிர்ப்பக்கம் மாறி சூஜியாவ் என்று பேர் வாங்கி, 2000இல் மறுபடி தேக்கா ஆனது. 1947இலிருந்து சைவச் சாப்பாடு போடும் கோமள விலாஸும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

"மாட்டை வித்தாங்களா, வெட்டினாங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"ரெண்டும்தான்மா."

அதற்குப் பிறகு ரயில் வரும்வரை பேசவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

ராத்திரி எட்டரைக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அடுக்களைக்கு வந்து தயிர்சாதம் பிசைந்து நின்றபடியே சாப்பிட்டாள். மத்தியானம் அலுவலக விருந்தாம், ஸ்டீம்போட். கொதிக்கும் சட்டி ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் இறாலைப் போடுகிறார், ஒருவர் பன்றி இறைச்சியைப் போடுகிறார், இவளுக்காக ஒருவர் அன்போடு அதிலேயே கீரையையும் போட்டுக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறார். வேர்க்கடலைத் தட்டோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

இந்த ஊரில் சைவம் படும் பாட்டை நான் மறுக்கமாட்டேன். காய்கறிதான் என்று கங்கோங் கீரை வாங்கினால் அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலி. லக்சா குழம்பில் காய்ந்த இறால். "நோ மீட்" என்று சொன்னால், "ஓகே ஓகே, ஒன்லி சிக்கன்" என்பார் கடைக்காரர். வந்த முதல் வாரம் முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும்தான் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். மனசு கேட்கவில்லை. அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 5, சனி

இதை எழுதாமல் தூக்கம் வராது.

எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு எழுபதுக்கு மேல். வருஷம் முழுக்க அவர் வீட்டில் பன்றி எலும்பு கொதிக்கும். சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒன்பது அரசர் கடவுளர்க்கு விரதம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, ஒன்பது நாளும் சைவம். இந்த வருஷம் அது வியாழக்கிழமை தொடங்கியது, நமக்கு நவராத்திரி தொடங்கிய அதே நாள். மின்தூக்கியில் ஆன்ட்டியைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட நம் பெண்ணுக்கு ஒரே குஷி. இந்தத் தளத்தில் தனக்கும் ஒரு துணை!

காலையிலேயே சொதி வைத்தாள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், மேலே எலுமிச்சை பிழிந்து, கூட இஞ்சிப் பச்சடி. திருநெல்வேலிக் கல்யாணங்களில் மறுவீட்டுக்கு வைப்பது. வீடே மணந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தட்டால் மூடி, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் கதவருகில் நின்றேன்.

ஆன்ட்டி தட்டைத் தூக்கி மோந்து பார்த்தார். "காட் ஆனியன், ஆ? கார்லிக்?"

"யெஸ் ஆன்ட்டி, பட் ப்யூர் வெஜ்! நோ எக் ஆல்சோ!"

"அய்யோ கேர்ள், கெனாட் லா. ஆனியன், கார்லிக் நாட் க்ளீன்." சிரித்துக்கொண்டே கிண்ணத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். ஒன்பது நாள் போகட்டும், வந்து சாப்பிடுகிறேன் என்றும் சொன்னார்.

இவள் திரும்பி வந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே. பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவள். நேற்று வரை பன்றி எலும்பு சூப் குடித்தவர் அவள் குழம்பைச் சுத்தமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று எழுதினால் பொய்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சிரித்துவிட்டாள். "எங்க தெருமுனையில ஐயர் வீடு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. அந்த மாமி எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க. எங்க ஆச்சி அதுக்கு எவ்வளவு பேசுவாங்க தெரியுமா!" சொல்லிவிட்டு, எங்கள் மேசையில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். முதல் தடவை.

அக்டோபர் 13, ஞாயிறு

விரதம் முடிந்து ஆன்ட்டி தானே வந்தார். சொதி இரண்டு கிண்ணம். "லக்சா லைக் தட், பட் நோ ஸ்பைசி" என்று தீர்ப்பு. கூடவே தன் பங்குக்கு சோயாவில் செய்த 'வாத்து' ஒரு தட்டு. தோல் மாதிரி மடிப்பு, அதன் மேல் பளபளப்பு வேறு. கறி மாதிரி இருக்கிறதே என்று அவள் தொடவே இல்லை. கறி மாதிரி இல்லையே என்று எங்கள் வீட்டுக்காரரும் தொடவில்லை. கடைசியில் நானும் ஆன்ட்டியும் தின்று தீர்த்தோம்.

அக்டோபர் 20, ஞாயிறு

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. தேக்காவில் ஆட்டிறைச்சிக் கடைகளில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ தட்டுப்பாடு வரப்போகிறதோ என்று தோன்றும். வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு மாசத்து நாக்கு, என்ன செய்ய.

அவள் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். பார்த்ததும் சுரீர் என்றது. 2011 ஆகஸ்ட்டில் இந்த ஊரே குழம்பு வைத்த கதையைக் கதவைத் தட்டிச் சொன்னேன். சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை தாங்கவில்லை என்று சமரச மையத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் குழம்பு வைப்பது, அவர்களும் ஒரு தடவையாவது குழம்பைச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிந்தது. சில வருஷம் கழித்து அது செய்தித்தாளில் வரவும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல்லாயிரம் பேர் பொங்கிவிட்டார்கள். ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் குழம்பு வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. நானும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கோழிக்குழம்பு வைத்தேன்.

"நான் உங்களை வைக்காதீங்கன்னு சொல்லலையே ஆன்ட்டி. எனக்குக் குமட்டுது. அதுக்கு நான் என்ன பண்ண?"

பதில் இல்லை என்னிடம். துண்டு வைப்பது அவள் உரிமைதான். மனசு ஆறவில்லை, அவ்வளவே.

பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, "நீங்க பீஃப்கூடச் சாப்பிடுவீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"சீச்சீ! அதெல்லாம் நம்ம வீட்டுல கிடையாது."

வாயிலிருந்து அது வந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை. அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அந்த நிம்மதி அதைவிட மோசம்.

அக்டோபர் 24, வியாழன்

நாலு நாளாக அந்தச் 'சீச்சீ' கூடவே வருகிறது.

சின்ன வயதில் என் தோழி வீடும் எங்கள் வீடும் தோ பாயோவில் ஒரே புளோக்கில் இருந்தன. அவர்கள் ஏழாவது மாடி, நாங்கள் ஒன்பதாவது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே சடைப்பின்னல். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாட்டுக்கறி வறுப்பார். மிளகும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துண்டும் போட்டுச் சுருள வறுக்கும் அந்த மணம் மின்தூக்கி வரைக்கும் வரும். ஒருநாள் சாப்பிட்டுவிட்டேன். வீட்டில் சொல்லியும் தொலைத்தேன். அம்மா திட்டவில்லை. வாய் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "அவங்க வேற, நாம வேற. விளையாடு, ஆனா அங்க கை நனைக்காதே" என்றார். என்ன வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது, அதுதான் வெட்கம்.

அடுத்த வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளுக்குத் தனி டம்ளரில் மைலோ கொடுத்தார். பிளாஸ்டிக் டம்ளர், நீல நிறம். மற்ற எல்லாருக்கும் எவர்சில்வர்.

என் வீட்டில் குக்கரும் தோசைக்கல்லும் தனியாக வைத்துக்கொள்கிறாள் என்று இந்தப் பெண்ணைப் பற்றி வீட்டுக்காரரிடம் எத்தனை ராத்திரி புலம்பியிருப்பேன்!

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

ஐந்து மணிக்கு எண்ணெய், ஆறரைக்கு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அவள் ஊரிலிருந்து அம்மா காணொளியில் வந்தார். "தீபாவளியும் அதுவுமா கறியா?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "இங்க அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்மூரிலும் பாதிப் பேருக்கு அப்படித்தான். அந்தம்மாவின் தெருவில் இல்லை போலிருக்கிறது.

தேங்காய்ச் சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டாள். அவள் அம்மா அனுப்பிய லேகியத்தை எங்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தாள். துண்டு இன்றைக்குக் கதவிடுக்கில் இல்லை. வாசனை பழகிவிட்டதா, மறந்துவிட்டாளா, கேட்கவில்லை.

சாயங்காலம் தோ பாயோக்காரிக்கு வாழ்த்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வா என்றும் எழுதினேன். "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் யோசித்துவிட்டு எழுதினேன்: "உங்கம்மா வறுப்பாங்களே, அது."

நவம்பர் 3, ஞாயிறு

அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். "உன் இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று அர்த்தம். பெண்ணிடமும் சொன்னேன். தோழிகளோடு செந்தோசா போகிறேன் என்று பத்து மணிக்கே கிளம்பிவிட்டாள். கோபமாகத் தெரியவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மேல்தட்டிலிருந்து தன் தயிர்க்கிண்ணத்தை எடுத்து அறைக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

தோழி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் ஏழாவது மாடியில் கேட்ட அதே சிரிப்பு. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். வறுவலை இவளே செய்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் மின்தூக்கி மணம்.

சூடு பண்ணவேண்டும். அலமாரியைத் திறந்துவிட்டு நின்றேன். எந்தச் சட்டி? இட்லிக்குக் குழம்பு வைத்த சட்டி இருந்தது, பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும் உருளி இருந்தது, அம்மா கொடுத்த எவர்சில்வர் சட்டியும் இருந்தது.

"டப்பாவோடயே மைக்ரோவேவ்ல வச்சிடலாமா? கழுவற வேலை மிச்சம்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அம்மாவின் எவர்சில்வர் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.