வீச்சு தொலையும் இடம்

மார்ச் 4
மறுபடியும் (−3, −4) என்ற கலப்பெண். மெய்ப் பகுதி −3, கற்பனைப் பகுதி −4. கணிதவியலாளர் ஹாமில்டன் 1833-இல் காட்டிய மாதிரி சோடியாகவே எழுதுகிறேன், கண்ணுக்கு நிம்மதி. மட்டு, அதாவது ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரம், 5. அதில் தகராறு இல்லை. வீச்சுக்கு, அதாவது மெய் அச்சோடு அமையும் கோணத்துக்கு, டேன் நேர்மாறு போட்டால் 53.13° வருகிறது. அது (3, 4)-இன் வீச்சு! −4-ஐ −3-ஆல் வகுத்த உடனேயே இரண்டு கழித்தல் குறியும் அடிபட்டுப் போகின்றன. புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருந்த சேதி அங்கேயே தொலைகிறது. 180° கழிக்க வேண்டும்: −126.87°.

மார்ச் 5
முதலில் புள்ளியைக் குறி. பிறகு கால்குலேட்டரைத் தொடு.

மார்ச் 7
(7, 1) ÷ (3, −1). கீழே உள்ளதன் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றிய இணைக் கலப்பெண் (3, 1)-ஆல் மேலும் கீழும் பெருக்கு. கீழே 9 + 1 = 10. மேலே மெய்ப் பகுதி 21 − 1 = 20, கற்பனைப் பகுதி 7 + 3 = 10. விடை (2, 1). மேலே 22 வந்தால், கற்பனை அலகான (0, 1)-இன் வர்க்கம் −1 என்பது விட்டுப்போயிருக்கிறது.

மார்ச் 8
துருவ வடிவில் (மட்டு∠வீச்சு) கூட்டவே கூடாது. 5∠30° + 5∠90° என்பது 10∠120° இல்லை. செவ்வக வடிவுக்கு, அதாவது (மெய், கற்பனை) சோடிக்கு, வா: (4.33, 2.5) + (0, 5) = (4.33, 7.5). மட்டு 8.66, வீச்சு 60°. கோணங்கள் கூடுவது பெருக்கலில்தான்.

மார்ச் 11
(0, 0)-க்கு வீச்சே கிடையாது.

மார்ச் 12
(−3, −4)-இன் எட்டாம் படி. மனசு ஆறவில்லை. டி மாய்வர் தேற்றப்படி மட்டு 5-இன் எட்டாம் படி, அதாவது 390625, வீச்சு எட்டு மடங்கு. −126.87°-ஐ −127° என்று முழுமையாக்கினால் பிழையும் எட்டு மடங்காகிறது: 0.13° போய் 1.04°. மெய்ப் பகுதி 171239 என்று வருகிறது. சரியான விடை 164833. செவ்வக வடிவிலேயே மூன்று முறை வர்க்கப்படுத்திப் பார்த்தேன்: (−7, 24), (−527, −336), (164833, 354144). ஒரு தசமம்கூட இல்லை, எத்தனை சுத்தம்! ஆனால் (−1, √3)-இன் பத்தாம் படி என்றால் துருவ வடிவம்தான். 2∠120°, அப்புறம் 1024∠1200°, மூன்று சுற்றைக் கழித்தால் 1024∠120°. அதாவது (−512, 512√3).

மார்ச் 14
−8-இன் கனமூலங்கள். 8∠180°. 3-ஆல் வகுப்பதற்கு முன்பே 360°-ஐக் கூட்டு. வகுத்த பிறகு கூட்டினால் மூன்று முறையும் அதே 60°-இல் வந்து நிற்கும். 180°, 540°, 900°-ஐ 3-ஆல் வகுத்தால் 60°, 180°, 300°. (1, √3), (−2, 0), (1, −√3). மூன்றையும் கூட்டினால் 0 வர வேண்டும். வந்தது.

மார்ச் 15
சைன் 30-க்கு 0.5 வராமல் −0.988 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் கிடக்கிறது.

மார்ச் 17
(−3, 4). அதே 53.13°, இந்த முறை கழித்தல் குறியோடு. அது நான்காம் கால்பகுதி, புள்ளியோ இரண்டாவதில். 180° கூட்டு.