கல்லை ஆர் புரட்டுறது?

2024 மார்ச் 30, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனி. உச்சி வெயிலில் பெரியம்மா குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"இண்டைக்குப் பகலிலை எந்தக் கோயிலிலும் பூசை இல்லையே, பெரியம்மா."

"பூசைக்கே போறன்? அந்தோனியாரைப் பாத்திட்டு வரப்போறன். நீ வாறியோ இல்லையோ?"

கொழும்பு வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கரவண்டி. செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் கடந்தால் கொஞ்சத் தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள், பூ விற்பவர்கள். அதற்கப்பால் பை சோதிக்கும் மேசை. பெரியம்மாவின் பையில் செபமாலை, தைலப்போத்தல், பாதி கடித்த மாலுபாண், மடித்த கடதாசிகள். ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. முகம் கடுத்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய சனியில் கத்தோலிக்கக் கோயில்கள் வெறிச்சென்று இருக்கும். பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாய்க் கிடக்கும். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் ஆண்டவர் கல்லறைக்குள் இருக்கிறார் என்று திருச்சபை சும்மா இருக்கிறது. ஆனால் கொச்சிக்கடையில் சனம் சும்மா இருக்கவில்லை. அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் நெற்றியில் திருநீறு. அவருக்கு முன்னால் ஒரு சிங்களக் குடும்பம். இந்த வரிசையில் யார் எந்தச் சமயம் என்று கேட்பது அழகில்லை, யாரும் கேட்பதுமில்லை.

இந்தக் கோயில் தொடங்கியதே ஒளிந்து திரிந்த ஒரு குருவிடமிருந்துதான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அன்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் இந்தக் கரையில் மறைந்திருந்தார் என்றும், கடல் அரித்து வருகிறதே என்று மீனவர்கள் அழ, மணலில் சிலுவை நட்டு வேண்டினார் என்றும், மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியது என்றும் வழிவழியாய்ச் சொல்கிறார்கள். மூன்று நாள் கணக்கு எனக்குப் பிடிக்கும். கதையோ நடந்ததோ, பயந்து ஒளிந்த ஒருவரின் செபத்தில் முளைத்த இடம் இது.

இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடத்தின் முன் பெரியம்மா நெடுநேரம் நின்றார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, இங்கே குண்டு வெடித்தபோது நாங்கள் வீட்டில் உடுத்திக்கொண்டு நின்றோம். தொலைபேசி வந்தது, சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், பிறகு ஹோட்டல்கள் என்று குண்டு வெடித்த இடங்கள் ஒவ்வொரு பெயராய்ச் செய்தியில் வந்தன. அடுத்த ஞாயிறு கொழும்பில் கோயில்கள் திறக்கவில்லை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடற்படையினர் திருத்திக் கொடுக்க, ஜூன் 12இல், அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், கொச்சிக்கடை திறந்தது. அதற்குப் பிந்திய உயிர்த்த ஞாயிறு 2020 ஏப்ரல் 12. அன்று கொரோனா ஊரடங்கு, மறுபடியும் தொலைக்காட்சி.

"வா அப்பன், இருட்டினாப் பஸ்ஸிலை இடம் கிடையாது."

எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் இரவு புதுத்தீ மூட்டினார்கள். விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, தெருவில் மட்டும் பஸ் வெளிச்சம். சுவாமி பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை கீறி, மேலே அகரம், கீழே னகரம், நான்கு மூலையிலும் 2, 0, 2, 4 எழுதி, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார். முதலும் முடிவுமான கிறிஸ்துவுக்கு அருகில் நடப்பு வருடத்தையும் எழுதுவது எனக்கு எப்போதும் அதிசயம்தான். பொருள் விலையும் விசா வரிசையும் நிறைந்த இந்த வருடமும் அந்த மெழுகில் இருந்தது.

"கிறிஸ்துவின் ஒளி" என்று பாட, "இறைவனுக்கு நன்றி" என்று பாடிக்கொண்டு உள்ளே போனோம். கடற்காற்றில் என் திரி இரண்டு தரம் அணைந்தது. பக்கத்தில் நின்ற பொடியன் தன் திரியைச் சரித்துக் கொளுத்தித் தந்தான். பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழில் நாலுதான் வாசித்தார்கள். "மூண்டு வாசிச்சாலே போதும் எண்டு சட்டமாம், அதுக்காக இப்படியே சுருக்கிறது?" என்று பெரியம்மா காதுக்குள் முணுமுணுத்தார். செங்கடல் வாசகத்தை மட்டும் விட முடியாது, அது வந்தது. பிறகு மணிகள் அடிக்க, தபசு காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா.

நற்செய்தி மாற்கு. கல்லறை வாயிலிலிருந்து கல்லை நமக்கு யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே விடியற்காலையில் நடந்து போன மூன்று பெண்கள். வெண்ணாடை இளைஞன் "அஞ்சாதீர்கள்" என்று சொல்லிச் செய்தி கொடுத்து அனுப்புவதோடு வாசகம் முடிகிறது. ஆனால் மாற்குவில் அடுத்த வசனம் ஒன்று உண்டு, பூசையில் அதை வாசிப்பதில்லை: அவர்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்த எட்டாம் வசனம் எனக்கு அந்நியமாய்த் தெரியவில்லை. பயந்து கதவடைத்த நாங்களும் அந்தப் பெண்களின் கூட்டம்தான். அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் முழு உண்மை கேட்டுக் குடும்பங்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கல் பாதிதான் அசைந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தண்ணீர் பட்டதும் கோயில் அதிரக் கத்தியது, சனம் சிரித்தது. எங்கள் மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்த சுவாமி, பெரியம்மாவின் கண்ணாடியைத் தவறவில்லை.

முடிந்ததும் பாடசாலை மண்டபத்தில் தேத்தண்ணியும் பணிசும். வழியில் பெரியம்மாவிடம் எட்டாம் வசனத்தைச் சொன்னேன்.

"ஓடினவையள்தான். ஆனா அதுக்கு முதல் ஒண்டு பாத்தியோ? கல்லை ஆர் புரட்டுறது எண்டு கேட்டுக்கொண்டே போனவையள். விடை கிடைக்கும்வரைக்கும் வீட்டிலை இருக்கேல்லை."

எங்கள் கோயில் வாசலில் பை சோதித்த பொடியனுக்கு இருபது வயது இருக்கும். 2019இல் பீடச் சிறுவனாய் இருந்திருப்பான். பெரியம்மா தன் பணிசை அவன் கையில் வைத்தார்.

"காலமையும் வருவன், தம்பி. சின்னப் பையாய்க் கொண்டு வாறன், உனக்குத் தேடுற வேலை குறையும்."